மடிச்சூடு

தாயின் சாவுக்குத் தான் அழுத அழுகை தன்னுடையதே இல்லை என்று செண்பகவல்லி வந்து நின்றபோது, அங்கயற்கண்ணி காலை வகுப்புக்காகப் பாய்களை விரித்துக்கொண்டிருந்தாள்.

சாலிகிராமத்தில் ஒரு கொசுவலைக் கடையின் மேல்மாடியில் இருந்தது 'மெய்ப்பாடு நடிப்புப் பயிற்சிக்கூடம்'. செண்பகவல்லி அங்கே படித்துவிட்டுப் போய் மூன்று வருஷமாகிறது. இப்போது அவள் முகம் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. அழுகைக் காட்சி என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கோவில்பட்டியில் சத்துணவு ஆயாவாக இருந்த அவள் அம்மா செல்லத்தாய் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ரயிலேறி வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். தலையில் எண்ணெய் இல்லை.

"வாம்மா, உள்ள வா. கேள்விப்பட்டேன். வகுப்ப விட்டுட்டு வர முடியல..."

"அது இருக்கட்டும்க்கா. எங்கம்மாவுக்கு நான் அழல."

"என்னம்மா சொல்ற? யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தாங்களே. நானே பார்த்தேன்."

"ஊரே பாத்துது. கீழ என்ன எழுதியிருந்தாங்கன்னும் பாத்தீங்களா? சாவு வீட்டுலயும் நடிக்கா பாருன்னு எழுதியிருந்தாங்க." அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "நடிக்கலக்கா. நெஞ்சு வெடிக்கத்தான் அழுதேன். ஆனா அது எங்கம்மாவுக்கு இல்ல. அம்மா தலைய எடுத்து மடியில வச்சிருக்கேன். ஐஸ் பெட்டியில இருந்து எடுத்த தலை, சில்லுன்னுதான இருக்கணும்? எனக்குச் சுடுது. காய்ச்சக்காரப் பிள்ளைய மடியில போட்ட மாதிரி சுடுது. ஒரு சின்னப் பையன்க்கா. நான் பெறாத பையன். சொந்தக்காரங்க எல்லாரும் சுத்தி நிக்காங்க, நான் உங்க பையனுக்கு அழுதுட்டு இருக்கேன்."

அந்த நேரத்தில் தன் மனதில் முதலில் எழுந்தது இரக்கம் இல்லை என்பதைப் பின்னாளில் அங்கயற்கண்ணி தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். முதலில் எழுந்தது ஒரு கேள்விதான்.

"சுட்டுச்சா? எங்கிட்டுச் சுட்டுச்சு?"

"இடது தொடையில. முட்டிக்கு மேல."

அங்கயற்கண்ணி விரித்த பாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் மகன் நித்திலன் இறந்து பதினோரு வருஷம். ஆறு வயது. டெங்கு. மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வாடகைக் காரின் பின் இருக்கையில், அவள் இடது தொடையில் தலை வைத்தபடி போய்விட்டான். கணவர் அப்போது மஸ்கட்டில் இருந்தார். வந்து பத்து நாள் இருந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வராமலே ஆகிவிட்டார். அவள் சென்னைக்கு வந்து, நாடக மேடையில் கற்றதை வைத்து நடிப்பு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.

செல்வின் அவளுக்கு அறிமுகமானது அதற்கப்புறம். நாகர்கோவில்காரன். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கையசைவைத் திரும்பக் கற்றுக்கொடுக்கத் தலையில் மாட்டும் ஒரு பட்டையைச் செய்திருந்தான். நல்ல கை உள்ளவர் ஒரு டம்ளரைத் தூக்கும்போது அவர் மூளையிலும் தசையிலும் நடப்பதைப் பட்டை பதிந்துகொள்ளும். அந்தப் பதிவை நோயாளியின் மேல் திரும்பத் திரும்ப ஏற்றினால், ஒருநாள் அவர் கையும் டம்ளரைத் தூக்கும்.

"டம்ளரத் தூக்கச் சொல்லிக்கொடுக்கலாம்னா, அழச் சொல்லிக்கொடுக்க முடியாதா?" என்று கேட்டவள் அங்கயற்கண்ணிதான்.

அழுகை, சிரிப்பு, கோபம், அச்சம் என்று மெய்ப்பாடு எட்டு. எட்டுக்கும் ஆள் தேடினார்கள். கோபத்துக்கு ஒரு லாரி ஓட்டுநர் கிடைத்தார். அச்சத்துக்கு, வெள்ளத்தில் மூன்று நாள் மொட்டைமாடியில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவர். சிரிப்புக்கு மீன் விற்கும் ஓர் அம்மாள். அழுகைக்கு மட்டும் யாரும் அமையவில்லை. வந்தவர்கள் பட்டையை மாட்டியதும் வெட்கப்பட்டார்கள். கடைசியில் அங்கயற்கண்ணி தானே உட்கார்ந்தாள். நாற்பது நிமிஷம். அந்தக் காரின் பின் இருக்கைக்கு மறுபடியும் போய் வந்தாள்.

அதற்குப் பிறகு இருநூற்றுப் பதினோரு பேர் அந்தப் பதிவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அது மகனை இழந்த அவளுடைய அழுகை என்பது அவர்களுக்குத் தெரியும். வாரம் மூன்று முறை, ஆறு வாரம். அதன் பிறகு பட்டை இல்லாமலே வரும். இயக்குநர்கள் மயங்கிப் போனார்கள். குறிப்பாக ஓரிடத்தில். அழுகையின் உச்சியில் அவர்கள் திடீரென்று நின்று, வலது பக்கம் கீழே எதையோ பார்ப்பார்கள். பிறகு மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தப் பார்வையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. அது என்ன என்று அங்கயற்கண்ணி யாருக்கும் சொன்னதில்லை. கார் இருக்கையில் அவள் செல்போன் அடித்துக்கொண்டிருந்தது. மஸ்கட்டிலிருந்து. அவள் எடுக்கவில்லை.

இப்போது செண்பகவல்லிக்கு முதல் தடவையாகச் சொன்னாள்.

"ஏன்க்கா எடுக்கல?"

"எடுத்தா அவருக்கும் அவன் செத்துருவான். எடுக்காத வரைக்கும் ஒருத்தருக்காச்சும் உயிரோட இருப்பான்ல? நாலு மணி நேரம் எடுக்கல. அவர் அதை மன்னிக்கவே இல்ல."

செண்பகவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். "சரிக்கா. எல்லாம் புரியுது. ஆனா இதை என்கிட்ட இருந்து எடுத்துருங்க. எனக்கு எங்கம்மா வேணும்."

செல்வினை வரவழைத்தார்கள். அவன் அவள் தலையில் பட்டையை மாட்டிக் கால் மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, புல்தரையில எல்லாரும் ஒரே வழியா நடந்தா ஒத்தையடிப் பாதை விழும் பாத்தீங்களா? அந்த மாதிரிதான். இவங்க துக்கம் எங்க இருந்து கெளம்பினாலும் இந்தப் பாதையிலதான் வந்து விழுது. அம்மா செத்தாலும் இங்கதான் வருது. நாளைக்குக் காதல் முறிஞ்சாலும் இங்கதான் வரும்."

"பாதைய மூட முடியாதா?"

"தெரியல. கையசைவைக் கத்துக்கிட்டவங்க யாரும் திருப்பி எடுத்துக்கோன்னு கேட்டதில்ல. தேடிப் பாக்கேன்."

அவன் தேடும்வரை செவ்வாய்க்கிழமை தோறும் வரச்சொல்லி செண்பகவல்லியிடம் அங்கயற்கண்ணி சொன்னாள். "நான் பக்கத்துல இருக்கேன். அழுகைய வரவழைச்சு, அதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு ஒண்ணொண்ணாச் சொல்லு. எது உன்னோடது, எது என்னோடதுன்னு பிரிச்சுப் பாப்போம்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சொல்லும்போது அவளே பாதி நம்பினாள்.

உண்மை வேறு. சில வருஷங்களாக அவளுக்கு மகனின் முகம் வருவதில்லை. கண்ணை மூடி அந்தக் காரை நினைத்தால் பின் இருக்கையில் ஏதாவது ஒரு நடிகை உட்கார்ந்திருந்தாள். தொலைக்காட்சியில், சினிமாத் திரையில், நகைக்கடை விளம்பரத்தில்கூட, யார் யாரோ அவள் அழுகையை அழுதுகொண்டிருந்தார்கள். பார்த்துப் பார்த்து அவளுடையது தேய்ந்துவிட்டது. ஒருமுறை ராமாபுரத்தில் தெரிந்தவர் வீட்டுச் சாவுக்குப் போனாள். மகனைப் பறிகொடுத்த ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். நடிப்புக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. தையல் தொழில் செய்பவள். அழுகையின் நடுவே சட்டென்று நின்று, வலது பக்கம் கீழே பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் வெறும் தரைதான் இருந்தது. சீரியல் பார்த்து வந்த பழக்கமாக இருக்கும். அங்கயற்கண்ணி மாலையைக்கூடப் போடாமல் வெளியே வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அழுகையே வரவில்லை.

இப்போது, செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, சன்னல்களைச் சாத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

"இப்ப என்ன தெரியுது?"

"தலைமுடி ஈரமா இருக்கு. துணி நனைச்சு வச்சிருக்கு போல. நெத்தியில இருந்து தண்ணி இறங்குது."

"அப்புறம்?"

"கனம். கனம் ஏறிக்கிட்டே போகுது. கை என் சேலையப் பிடிச்சிருக்கு. இல்ல, பிடிச்சிருந்துச்சு. இப்ப விட்டுருச்சு."

செண்பகவல்லியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அங்கயற்கண்ணி குனிந்து குனிந்து கேட்டாள். பசித்தவன் பக்கத்து இலையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஏதாவது ஒன்று வந்தது. மருந்து வாசனை. டிக்கி திறந்து மூடும் சத்தம். பையன் காலில் ஒரு பழைய தழும்பு. ஆமாம், தழும்பு இருந்தது, சைக்கிளில் இருந்து விழுந்தது, எப்படி மறந்தேன் என்று அங்கயற்கண்ணி வாயைப் பொத்திக்கொள்வாள். செண்பகவல்லி போன பிறகு அன்று முழுதும் அவள் முகம் தெளிந்திருக்கும். வகுப்பில் சிரித்துப் பேசுவாள்.

மூன்றாவது வாரம் செல்வின் வந்தான்.

"வழி இருக்குக்கா. பாதையில நடந்துட்டு இருக்கும்போது மட்டும்தான் அது இளகும். ஒரு மாத்திரை இருக்கு, அரை போட்டாப் போதும், நல்லா இளகும். அந்த நேரத்துல நீங்க பக்கத்துல பட்டைய மாட்டி உக்காந்து அதே துக்கத்த நினைக்கணும். ரெண்டையும் ஒப்பிட்டு, உங்களோடத மட்டும் மெஷின் அவங்ககிட்ட இருந்து உருவிரும். ஒரே நாள்ல முடிஞ்சுரும்."

"ஆபத்து ஒண்ணும் இல்லியே?"

"அவங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"சரி. கொஞ்சம் பொறு. நானே அவகிட்டச் சொல்றேன்."

அவள் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய் செண்பகவல்லி வந்து, "செல்வின் அண்ணன் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டபோது, "இன்னும் தேடிட்டு இருக்கான்மா" என்றாள். குரல் நடுங்கவில்லை. இருபது வருஷம் நடித்தவள். அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே சொன்னாள். அதற்கடுத்தும்.

ஒவ்வொரு முறை நடக்கும்போதும் பாதை ஆழமாகிறது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. செண்பகவல்லி இரண்டு படங்களை வேண்டாமென்று விட்டுவிட்டாள், இளைத்துப் போனாள். கடையில் ஆறு வயதுப் பையன்களுக்கான சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றதாக ஒருநாள் அவளே சொன்னாள். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை என்றாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் அங்கயற்கண்ணியின் வாய் கேட்டது: "என்ன நிறம்?"

ஆறாவது செவ்வாய், அழைக்காமலே செல்வின் மாடியேறி வந்தான். சன்னல் சாத்திய அறையில் செண்பகவல்லி கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தாள். அவள் மடிக்கு மேலே, தொடாமல், அங்கயற்கண்ணியின் கை அந்தரத்தில் நின்றிருந்தது. ஏதோ ஒரு தலையைத் தடவுவதுபோல மெதுவாகப் போய் வந்துகொண்டிருந்தது.

"என்னக்கா பண்றீங்க?" அவன் குரல் உயர்ந்தது. "நானே அவகிட்டச் சொல்றேன்னு சொன்னீங்களே?"

அங்கயற்கண்ணி கையை இழுத்துக்கொண்டாள். செண்பகவல்லி கண்ணைத் திறந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவர்கள் எதிர்பார்த்ததுபோல் அவள் அதிரவில்லை.

"அண்ணே, சத்தம் போடாதீங்க. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"வழி இருக்குன்னு தெரியும். மாத்திரைக்காக நீங்க போன கிளினிக்ல என் ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கா. மூணாவது வாரமே சொல்லிட்டா."

அங்கயற்கண்ணியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "தெரிஞ்சுமா வந்த? நான் பொய் சொல்றேன்னு தெரிஞ்சுமா?"

"முதல்ல கோவம்தான் வந்துச்சு. கேக்கணும்னுதான் படியேறினேன். அப்புறம் உக்காந்தேன், கண்ண மூடினேன், அந்தச் சூடு வந்துச்சு." அவள் தன் தொடையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் நடிக்கப் போனதுக்கப்புறம் எங்கம்மா எங்கூடப் பேசலக்கா. அதுக்கு முன்னாடியும் தொட்டுப் பேசுத ஆளு இல்ல. எனக்குக் காய்ச்ச வந்தா தள்ளி உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா. உள்ள என்ன ஓடுதுன்னு தெரியவே தெரியாது. இங்க வந்து உக்காந்தா ஒரு அம்மாவுக்கு உள்ள என்ன ஓடும்னு தெரியுது. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோன்னு பாக்கத்தான் வந்தேன். நீங்க உங்க பிள்ளையப் பாக்க வந்தீங்க. நான் எங்கம்மாவப் பாக்க வந்தேன்."

"பார்த்தியா?"

"இல்லக்கா. இதுக்குள்ள எங்கம்மா இல்ல. மூணு வாரமாத் தேடிட்டேன். நீங்க மட்டும்தான் இருக்கீங்க." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "போதும். எடுத்துருவோமா?"

மறுவாரம், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, வகுப்புகளுக்கு விடுமுறை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். செல்வின் இருவருக்கும் பட்டையை மாட்டினான். செண்பகவல்லி அரை மாத்திரையை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடினாள்.

அங்கயற்கண்ணிக்கு ஒரே ஒரு பயம்தான். எதுவும் வராமல் போனால்? பின் இருக்கையில் மறுபடியும் ஏதாவது ஒரு நடிகை உட்கார்ந்திருந்தால்? பக்கத்தில் செண்பகவல்லியின் மூச்சு கனப்பது கேட்டது. அங்கயற்கண்ணி காரைத் தேடினாள். கார் வரவில்லை.

வந்தது மதுரை செல்லூர் வீட்டு மாடிப்படி. நித்திலன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முதல் படியில் உட்கார்ந்துவிட்டான். தூக்கிக்கொண்டு போ என்கிறான். கால் வலிக்கிறதாம். பச்சைப் பொய். "எருமைக்கடா மாதிரி இருக்க, நடடா" என்கிறாள் அவள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே ஒரு ஷூவின் கயிற்றை அவிழ்க்கிறான். பிறகு இன்னொன்றை. இனி எப்படி நடக்க வைப்பாய், பார்க்கலாம் என்பதுபோல் நிமிர்ந்து சிரிக்கிறான். முன்பல் இரண்டு இல்லை. இடது புருவத்தில் சாக்பீஸ் தூள்.

முகம். முழு முகம். செண்பகவல்லி சொல்லிக் கேட்டதில் இது இல்லை. இருநூற்றுப் பதினோரு பேரில் யாரிடமும் இது இல்லை. அவளுக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் மூச்சடைப்பும் வந்தன. அவனைத் தூக்கினாள். தூக்கி இடுப்பில் வைத்து ஒவ்வொரு படியாக ஏறினாள். ஏற ஏறக் கனம் கூடியது. அவன் நெற்றி கழுத்தில் பட்டுச் சுட்டது. மேல்படிக்கு வரும்போது அது மாடிப்படியாக இல்லை. காரின் பின் இருக்கையாக இருந்தது.

"போதும்க்கா," என்று செல்வின் சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது. "முடிஞ்சுது."

அங்கயற்கண்ணி கண்ணைத் திறந்தாள். கழுத்து வரை நனைந்திருந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு அழுதிருக்கிறாள். எதிரே செண்பகவல்லி தூங்கி எழுந்த பிள்ளைபோல் விழித்துக்கொண்டிருந்தாள்.

"மடியில ஏதாச்சும் தெரியுதாம்மா?"

செண்பகவல்லி தொடையைத் தடவிப் பார்த்தாள். "இல்லக்கா. ஒண்ணும் இல்ல." யோசித்தாள். "பையன் ஒருத்தன் இருந்தான்னு தெரியுது. நீங்க சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு. பேரு என்ன சொன்னீங்க?"

"நித்திலன்."

"நல்ல பேரு," என்றாள் செண்பகவல்லி. பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளையின் பெயரைக் கேட்டுச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். பிறகு எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தடுமாறி, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

பாதிப் படியில் காலடிச் சத்தம் நின்றது.

முதலில் கீழே கடையில் இரும்புக் கட்டிலை இழுக்கிறார்கள் என்றுதான் அங்கயற்கண்ணி நினைத்தாள். அப்படி ஒரு சத்தம். விக்கலும் இருமலும் மூக்குறிஞ்சலும் கலந்து, நடுவில் வசவு. "ஏ செல்லத்தாயீ... எல்லாப் பிள்ளைக்கும் முழு முட்டை வச்சிட்டு, சத்துணவுல கடேசியா எனக்கு ஒடஞ்ச முட்டையத்தான வைப்ப... ஆயா மவளுக்குன்னா நல்லதா வைக்கான்னு ஒருத்தரும் சொல்லிரக் கூடாதுன்னு... ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியே மூதி... பாவி மூதி..."

அது அழகாக இல்லை. எந்த இயக்குநரும் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். கேட்கக் கூசியது. கடைக்காரர் படியடியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

செல்வின் எழுந்தான். அங்கயற்கண்ணி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "போகாத. விடு. அது அவளோடது."

கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. இறங்கிப் போகும் காலடி கேட்டது. தெரு இரைச்சலில் அதுவும் கரைந்தது.

செல்வின் பட்டைகளைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். திரையில், அந்த அழுகையை ஏற்றிக்கொண்டு போனவர்களின் பெயர்ப் பட்டியல் திறந்திருந்தது. அதை அவள் பக்கம் திருப்பாமல், தானும் பார்க்காமல் கேட்டான்: "மத்தவங்க?"

மற்றவர்கள் இருநூற்றுப் பத்து பேர். பாதிப் பேர் வரமாட்டார்கள். அந்த அழுகைதான் அவர்களுக்குச் சோறு. யார் யாரோ மடிகளில், மும்பையிலும் கொச்சியிலும் சிங்கப்பூரிலும், அவன் சுட்டுக்கொண்டே கிடப்பான். வருகிறவர்களிடமிருந்து அவனை எடுக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு முறையும் அவள் அவனைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறி, அந்தக் காருக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு வர வேண்டும். அடுத்த முறை அந்த முகம் வருமா என்றும் தெரியாது.

அங்கயற்கண்ணி எழுந்துபோய்ச் சன்னல்களைத் திறந்துவிட்டாள்.

"அபிராமியக் கூப்பிடு," என்றாள். "வடபழனியிலதான் இருக்கா. போன வருஷம் அவ அண்ணன் தவறிட்டாரு."